சபை இல்லாத மாகாணம்: கொழும்பும் வடக்கும் சேர்ந்து இயங்கும் விதம்

வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. 2019 இறுதிக்குள் இலங்கையின் ஒன்பது மாகாணங்களும் இதே நிலைக்கு வந்து சேர்ந்தன. ஆனாலும் மாகாணக் கல்வித் திணைக்களம் ஆசிரியர்களுக்கு இடமாற்றக் கடிதம் அனுப்பியது, மாகாண வைத்தியசாலைகளில் கிளினிக் நடந்தது, சம்பளம் வந்தது. தேர்தல் நடக்கவில்லை என்ற முறைப்பாடு ஓயாமல் கேட்கிறது. சபை இல்லாமலே மாகாணம் இவ்வளவு சீராக ஓடுவது எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் உண்மையான வடிவத்தை அறிய இந்த இரண்டாவது கேள்விதான் உதவும் என்பது என் கருத்து.

1987இன் அந்தத் திருத்தம் மாகாணத்துக்கு இரண்டு அமைப்புகளைத் தந்தது. ஒன்று மக்கள் தெரிவு செய்யும் சபை. மற்றது ஆளுநருக்குக் கீழ்ப்பட்ட நிர்வாகம். பேச்சு வழக்கில் இரண்டையும் ‘மாகாண சபை’ என்றே சொல்லிவிடுகிறோம். கொழும்பு அன்றாடம் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பது நிர்வாகத்தோடு. சபை அதற்கு ஓர் உபரி.

சட்ட வாசகம் இதை மறைக்கவில்லை. அரசியலமைப்பின் 17அ அத்தியாயப்படி மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம் இருக்கிறது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி விரும்பும் வரையே பதவி. முதலமைச்சரும் அதிகபட்சம் நான்கு அமைச்சர்களும் கொண்ட வாரியம் ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும். இந்த அமைப்பைப் பெயரளவுத் தலைவர் மரபு என்று வாசிக்க இடமுண்டு. அந்த வாசிப்புக்கு இடம் வைக்காதது அதே ஆண்டு வந்த 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டம். அதன் 32ஆம் பிரிவு மாகாண உத்தியோகத்தர்களின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாவற்றையும் ஆளுநரிடம் கொடுக்கிறது. 24ஆம் பிரிவின்படி பணம் சம்பந்தப்பட்ட எந்த நியதிச்சட்டத்தையும் ஆளுநரின் சிபாரிசு இல்லாமல் சபையில் கொண்டுவர முடியாது. பிரதம செயலாளரை முதலமைச்சரின் இணக்கத்தோடு ஜனாதிபதி நியமிக்கிறார். ஆனால் அந்த அதிகாரி யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தீராத வழக்கு. வடக்கில் 2014இல் அது உண்மையிலேயே உயர் நீதிமன்றம் வரை போனது. முதலமைச்சர் நிதியம் அமைக்க விரும்பிய நியதிச்சட்டம் ஆளுநர் அலுவலகத்தில் முட்டி நின்றது.

வடக்கைப் பொறுத்தவரை சபையற்ற நிலைதான் வழமை. இணைந்த வடக்கு கிழக்குச் சபை 1988 இறுதியில் தோன்றி 1990இல் கலைந்தது. அடுத்த சபை வர 2013 ஆனது. இரண்டின் ஆயுளையும் கூட்டினால் ஏழு ஆண்டுகள்கூடத் தேறாது. மற்ற ஆண்டுகளில் எல்லாம் ஆளுநர், செயலாளர்கள், திணைக்களங்கள், கச்சேரி எனும் மாவட்டச் செயலகம். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த உத்தியோகத்தர் ஒருவருக்கு 2013இல் வந்த அமைச்சர்கள் விருந்தாளிகளாகத் தெரிந்திருந்தால் அதில் வியப்பில்லை.

கச்சேரியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1992இன் 58ஆம் இலக்கச் சட்டம் கச்சேரியிலிருந்த அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்களுக்கு மாற்றிக் கொடுத்தது. மக்களுக்கு அருகில் நிர்வாகத்தைக் கொண்டுவரும் ஏற்பாடு என்று அது வரவேற்கப்பட்டது. பிரதேச செயலாளரோ மத்திய பொது நிர்வாக அமைச்சின் ஆள். காணி உத்தரவுப் பத்திரத்துக்கும் இன்னும் பல தேவைகளுக்கும் மக்கள் ஏறும் படி அவருடையது. மாகாணத்துக்குக் கீழே, மாகாணத்தைத் தொடாமல், கொழும்பின் கை கிராமம் வரை இப்படித்தான் நீள்கிறது. காணி மாகாண நிரலில் இருக்கிறதே என்று கேட்கலாம். அதற்காகச் சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படவேயில்லை. அரச காணி மத்தியினுடையதே என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2013 செப்டெம்பர் 26இல், வடக்கு வாக்களித்து ஐந்து நாள் கழித்து.

ஆக, இரண்டு அரசுகளும் சேர்ந்து கையாள வேண்டிய பிரதேசப் பிரச்சினை ஒன்று எழும்போது என்ன நடக்கிறது? கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைப் பார்ப்போம்.

கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தோன்றி மாகாண எல்லையைத் தாண்டாமலே சுண்டிக்குளக் களப்பில் கலக்கிறது. ஒரே மாகாணத்துக்குள் ஓடும் ஆறு என்பதால் அதை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. குழாய்க் குடிநீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம், அதாவது மத்தியிடம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே வீட்டுக் கிணற்றுக்கும் தோட்டத்து இறைப்புக்கும். உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று அந்த நீரைப் பல இடங்களில் கெடுத்திருக்கிறது. இந்நிலையில் 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு வந்த திட்டம் இரணைமடு நீரைக் குழாய் வழியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக எண்ணியது. கடன் திறைசேரியின் பெயரில், வேலை நீர் வழங்கல் சபையின் பெயரில், தண்ணீர் மட்டும் மாகாணத்தினுடையது. அப்போது வடக்கில் சபை இல்லை. மாகாணத்தின் இணக்கம் என்றால் ஆளுநரின் இணக்கம்.

வயலுக்குத் தண்ணீர் குறைந்துவிடும் என்ற கிளிநொச்சி கமக்காரரின் அச்சத்துக்குக் கணக்கு இருந்தது. காலபோகத்து மழையில் நிரம்பும் குளம் சிறுபோகத்தில் வயல் முழுவதற்கும் காணாது. எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை ஒவ்வோர் ஆண்டும் மாவட்டச் செயலகத்தில் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டம் தீர்மானிக்கிறது. தலைமை தாங்குபவர் அரசாங்க அதிபர், அவர் மத்தி. நீர்ப்பாசனப் பொறியியலாளர் மாகாணம். கமநல அபிவிருத்தி உதவி ஆணையாளர் மத்தி. விவசாய விரிவாக்க அதிகாரி மாகாணம். எதிரே கமக்காரர் அமைப்புகள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, வாய்க்கால் எந்தத் திகதியில் திறப்பது, விதைப்பை எப்போது முடிப்பது, மாடுகளை எந்த நாளிலிருந்து கட்டி வைப்பது என்று வரிசையாகப் போகும் பேச்சு. சத்தமும் இருக்கும். ஆனால் இது யாருடைய அதிகாரம் என்ற வாதம் அங்கே எழ வேண்டியதில்லை, ஏனென்றால் கூட்டத்தின் முடிவுக்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது, மீறியவர்மீது வழக்கு வைக்கலாம், முடிவால் பாதிக்கப்படுபவர்களும் அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இலங்கையில் மத்தியும் மாகாணமும் ஒழுங்காகச் சேர்ந்து இயங்கும் இடங்களில் இதுவும் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். ஒரு போகத்தின் நெல்லுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு, இரண்டு மாவட்டங்களின் குடிநீருக்கு இருக்கவில்லை.

2013க்குப் பிறகு விவகாரம் சபைக்குள் வந்தது. யாழ்ப்பாண உறுப்பினர்களும் கிளிநொச்சி உறுப்பினர்களும் ஒரே கட்சிக்குள்ளேயே இழுபட்டார்கள். கடல்நீரைக் குடிநீராக்கலாம் என்ற மாற்று முன்வைக்கப்பட்டது. அதற்கு வடமராட்சி கிழக்கின் மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இந்த இழுபறியைக் காட்டிச் சபை வந்ததால் திட்டம் கெட்டது என்பவர்கள் உண்டு. எனக்கு அது தலைகீழ் வாசிப்பாகப் படுகிறது. சபை வருவதற்கு முன்பும் அந்தப் பிணக்கு இருந்தது. உட்கார்ந்து பேச மேசை இல்லாததால் கொழும்புக்கு அது கேட்கவில்லை. 2024 ஓகஸ்டில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவோடு கடல்நீர் நிலையம் திறக்கப்பட்டபோது, அந்தச் சபை இல்லாமல் போய் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன.

பணத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2011இல் மாகாணங்களின் புரள்வு வரி நீக்கப்பட்டு, மத்தி அறவிட்ட தேச நிர்மாண வரியில் மூன்றிலொரு பங்கு மாற்றாகத் தரப்பட்டது. 2019 டிசெம்பரில் அந்த வரியும் இல்லாமல் போனது. நிதி ஆணைக்குழுவின் ஐந்து இடங்களில் இரண்டு மத்திய வங்கி ஆளுநருக்கும் திறைசேரிச் செயலாளருக்கும். மற்ற மூன்றும் மூன்று பிரதான சமூகங்களின் பேரில். மாகாணங்களின் பேரில் ஓர் இடமும் கிடையாது.

சபை உபரி என்ற என் வாதத்துக்கு எதிராக ஒரு வலுவான சான்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. மாகாண நிரலிலுள்ள விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் செய்ய விரும்பினால் எல்லாச் சபைகளின் கருத்தையும் கேட்க வேண்டும். ஒன்று மறுத்தாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவை. 2012இல் மாகாண விடயங்களைத் தொட்ட திவிநெகும சட்டமூலத்தின்போது சபையே இல்லாத வடக்கின் சார்பில் ஆளுநர் இணக்கம் தெரிவித்தார். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சபையின் வாய்க்கு ஆளுநரின் வாய் மாற்றாகாது என்பதே அந்த நிர்ணயத்தின் சாரம். அரசிடம் மூன்றில் இரண்டு இருந்ததால் 2013 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. அந்த நிர்ணயத்தை வழங்கிய பிரதம நீதியரசர் பதவி நீக்கப்பட்டதும் அதே மாதம்தான். ஆனாலும் கோட்பாடு நிற்கிறது. சட்டமாக்கலில் சபைக்கு மாற்றில்லை. திட்டம், கடன், நியமனம், நிதி ஆகியவற்றில் மாற்று உண்டு. மத்திக்கும் மாகாணத்துக்கும் இடையிலான அன்றாட அலுவலில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை என்பதால்தான் சபையின் இன்மை ஆட்சியை உறுத்துவதில்லை.

வட மாகாண சபைமீதும் குறை இருக்கிறது. நூற்றுக்கணக்கான தீர்மானங்கள், விரல்விட்டு எண்ணத்தக்க நியதிச்சட்டங்கள், 2017இல் சொந்த முதலமைச்சர்மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணை. தீர்மானத்தைத் தபாலில் அனுப்புவது எளிது, நியதிச்சட்டம் வரைவது கடினம். ஆனால் ஆளுநரின் சிபாரிசு கிடைக்குமோ என்ற ஐயத்தோடு சட்டம் வரைய வேண்டிய சபை, தீர்மானங்களின் பக்கம் சாய்ந்தது விளங்கக்கூடியதே.

தேர்தல் முடங்கிய விதமும் கவனிக்கத்தக்கது. 2017இல் முறையை மாற்றிச் சட்டம் செய்தார்கள். புதிய தொகுதி எல்லைகள் பற்றிய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. அந்த 139இல் அதிகாரப் பகிர்வை ஆதரிக்கும் கட்சிகளின் வாக்குகளும் அடக்கம்.

நாளை தேர்தல் நடந்தாலும் சபை திரும்பி வருவது அதே 24ஆம் பிரிவுக்கும் 32ஆம் பிரிவுக்கும் கீழேதான். இவை அரசியலமைப்பின் வாசகம் அல்ல. சாதாரணச் சட்டத்தின் பிரிவுகள், சாதாரணப் பெரும்பான்மையால் திருத்தக்கூடியவை. மாகாணத்தின் வளத்தைத் தொடும் வெளிநாட்டுக் கடன் ஒவ்வொன்றுக்கும் மாகாண அமைச்சர் வாரியத்தோடு பதிவு செய்யப்பட்ட கலந்தாலோசனை வேண்டும் என்ற ஒரு பிரிவையும் அதே சட்டத்தில் சேர்க்கலாம். பொலிஸ் அதிகாரம், காணி அதிகாரம் என்ற பெரிய சொற்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வாதத்தில் இந்தச் சிறு திருத்தங்களைக் கேட்பவர்கள் அரிது. கொழும்பிலும் சரி, யாழ்ப்பாணத்திலும் சரி.