வெளியேற்றுக் குழாய் வெப்பக் காப்பு: சுற்றும் பூச்சும்

கார் எந்திரத்தில் எரிந்து முடிந்த வளிமங்களை வெளியே கொண்டுசெல்லும் குழாய்களின் சூடு, எந்திர அறைக்குள் பரவாமல் தடுப்பதே வெளியேற்றுக் குழாய் வெப்பக் காப்பு ஆகும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. வெப்பம் தாங்கும் இழைகளால் நெய்த நாடாவைக் குழாயின் மேல் இறுக்கமாகச் சுற்றுவது ஒன்று. குழாயின் பரப்பில் பீங்கான் வகைப் பூச்சு ஒன்றை இட்டுச் சூளையில் சுட்டெடுப்பது மற்றொன்று. கார் ஆர்வலர்களிடையே எது சிறந்தது என்ற வாதம் ஓய்ந்தபாடில்லை. இரண்டும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், அந்த வாதத்தில் பாதி தெளிவாகிவிடும்.

எந்திரத் தலையை ஒட்டி, வெளியேற்று அமைப்பின் முதல் பகுதியாக இருப்பது சாதாரணக் கார்களில் வார்ப்பிரும்பால் ஆன மேனிஃபோல்டு. பந்தயக் கார்களில் அதற்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு தனி எஃகுக் குழாய் வைத்து, எல்லாவற்றையும் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் சேர்ப்பார்கள். இதுவே ஹெடர். ஒரு சிலிண்டரின் புகை மற்றதன் வழியை மறிக்காததால் எந்திரம் எளிதாக மூச்சு விடுகிறது. ஆனால் ஒரே வார்ப்பிரும்புத் துண்டு இருந்த இடத்தில் நான்கு அல்லது எட்டு மெல்லிய குழாய்கள் வந்துவிடுகின்றன. சூடான பரப்பு பெருகுகிறது.

முன்பக்க எந்திரம் கொண்ட பழைய பேருந்துகளில், ஓட்டுநருக்கு இடப்புறம் இருந்த எந்திர மூடியை ஒட்டி அமர்ந்து சித்திரை மாதத்தில் பயணம் செய்தவர்களுக்கு இந்தச் சூட்டைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சூட்டின் கணக்கு

வரலாற்றுக்குப் போகுமுன் பள்ளி இயற்பியல் சிறிது தேவை. முழு வேகத்தில் ஓடும் பெட்ரோல் எந்திரத்தின் வெளியேற்று வளிமம் 800 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும். எஃகு ஏறத்தாழ 525 டிகிரியைத் தாண்டும்போதே இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். எனவே ஓடும் பந்தயக் காரின் ஹெடர் இரவில் செந்நிறமாகத் தெரிவதில் வியப்பில்லை.

1879இல் யோசஃப் ஸ்டீஃபன் கண்ட விதிப்படி, கதிர்வீச்சாக வெளிவரும் வெப்பம் தனிவெப்பநிலையின் நான்மடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். குழாயின் வெளிப்பரப்பு 627 டிகிரியிலிருந்து 327 டிகிரிக்கு இறங்கினால், தனிவெப்பநிலை 900 கெல்வினிலிருந்து 600 கெல்வினாகக் குறைகிறது. மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. கதிர்வீச்சோ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வெளிப்பரப்பைச் சிறிது குளிர்வித்தாலே பெரும்பயன் கிடைப்பது இதனால்தான்.

பயன் ஆற்றலிலும் தெரியும். எந்திரம் உள்ளிழுக்கும் காற்று 30 டிகிரிக்குப் பதில் 60 டிகிரியாக இருந்தால், அதே அழுத்தத்தில் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். அந்த அளவுக்கு ஆக்சிஜனும் குறையும்.

நீராவிக் காலத்துப் போர்வை

சுற்றும் முறை காரைவிட மிகப் பழையது. ஜேம்ஸ் வாட் 1769இல் பெற்ற காப்புரிமையிலேயே, நீராவி உருளையை அதனுள் வரும் நீராவியின் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும், அதற்கு மரம் போன்ற, வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருளால் அதை மூடலாம் என்றும் கூறியிருந்தார். 1829இல் ஓடிய ஸ்டீஃபன்சனின் ‘ராக்கெட்’ எந்திரத்தின் கொதிகலனும் மரப்பலகையால் போர்த்தப்பட்டிருந்தது.

மரம் கருகும். எனவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் இடத்துக்குக் கல்நார் வந்தது. அஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்லும் இந்தக் கனிமம் தீயில் எரியாது. அதே சமயம் பஞ்சுபோலப் பிரித்து நூலாக முறுக்கித் துணியாகவும் நெய்யலாம். கல் ஒன்று துணியாவது அன்று அதிசயமாகவே பார்க்கப்பட்டது. ஆலைகளிலும் கப்பல்களிலும் நீராவிக் குழாய்கள் கல்நார்ப் போர்வை பெற்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பத்து வளிமண்டல அழுத்தத்தில் உள்ள நீராவியின் சூடு ஏறத்தாழ 180 டிகிரிதான். எவ்வளவு தடித்த போர்வையைச் சுற்றினாலும் குழாயின் இரும்பு அந்த 180 டிகிரியைத் தாண்டாது. இரும்புக்கு அது பெரிய சூடே அன்று. ஆகவே நீராவிக் குழாய்க்குப் போர்வையால் எந்தத் தீங்கும் நேரவில்லை. தீங்கு நேர்ந்தது போர்வை செய்தவர்களுக்கும் சுற்றியவர்களுக்கும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் வேலை செய்த நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் தம் 33ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலில் கல்நார்த் துகள்கள் இருந்ததை மருத்துவர் குக் அதே ஆண்டில் எழுதி வெளியிட்டார். கெர்ஷாவின் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. 1931இல் பிரிட்டன் கல்நார்த் தூசிக்கு எதிராக விதிகள் கொண்டுவந்தது. அவை முதன்மையாக ஆலைகளுக்கானவை. கப்பலிலும் கட்டடத்திலும் குழாய்க்குப் போர்வை சுற்றியவர்களைப் பெரிதும் எட்டவில்லை. அந்தத் தொழிலாளர்களைத்தான் அமெரிக்க மருத்துவர் இர்விங் செலிக்காஃப் ஆராய்ந்தார். நியூயார்க், நியூஜெர்சி பகுதிகளில் வெப்பக்காப்புப் பணி செய்த 632 சங்க உறுப்பினர்களைப் பற்றிய அவர் குழுவின் கட்டுரை 1964இல் வந்தது. சாதாரண மக்கள்தொகைக் கணக்குப்படி அவர்களில் ஆறேழு பேர் நுரையீரல், நுரையீரல் உறைப் புற்றுநோயால் இறந்திருக்க வேண்டும். இறந்தவர்கள் 45 பேர்.

என்னுடைய ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், ஆய்வகத்தில் பன்சன் அடுப்பின் மேல் வைக்கும் கம்பிவலையின் நடுவே வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும். அது கல்நார். ஓரம் உதிர்ந்தால் மாணவர்களிடம் தட்டிவிடச் சொல்வோம். பின்னாளில் அந்த இடத்தில் பீங்கான் வட்டம் வந்தது. ஏன் மாற்றினார்கள் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

சாலைக்கு வந்த போர்வை

காருக்கு இந்தப் பழக்கம் நீராவிக் குழாயிலிருந்து அப்படியே வந்தது. புகைக்குழாய் உடலின் பக்கவாட்டில் வெளியே ஓடிய பழைய பந்தயக் கார்களில், ஓட்டுநரின் கை சுடாமல் இருக்கக் கல்நார்க் கயிற்றையோ நாடாவையோ குழாயில் சுற்றினார்கள்.

எந்திரம் சூடாவது என்ற தொல்லையைப் பரவலாக அறிமுகப்படுத்தியதில் 1932இல் வந்த ஃபோர்டு வி-8 எந்திரத்துக்குப் பங்கு உண்டு. மலிவு விலையில் எட்டு சிலிண்டர். அமெரிக்க இளைஞர்கள் அதை விரும்பி வாங்கி முடுக்கினார்கள். ஆனால் அதன் வால்வுகள் தலையில் இல்லாமல் அடிக்கட்டையிலேயே இருந்தன. எரிந்த வளிமம் வெளியே வருமுன் அந்தக் கட்டையின் ஊடாக, குளிர்நீர் ஓடும் அறையை ஒட்டியே சென்றது. புகையின் சூட்டையும் குளிர்நீர்தான் சுமக்க வேண்டியிருந்தது. அதனால் ரேடியேட்டர் கொதிப்பது அந்த எந்திரத்தின் தீராத பேரானது. கட்டைக்கு உள்ளே ஓடும் புகைக்கு வெளியில் எந்தப் போர்வை சுற்றியும் பயனில்லை.

கல்நாரின் தீங்கு தெரிந்தபின், நாடாக்கள் கண்ணாடி இழைக்கு மாறின. அதன்பின் எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த இழைகளாலான நாடாக்களும் வந்தன. பெயர் மாறினாலும் வேலை அதுவே: இழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று, வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கிறது.

போர்க்காலப் பூச்சு

பூச்சு பிறந்த கதை வேறு. உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற எனாமலை உருக்கி ஒட்டுவது பழைய கலை. நம் வீட்டு எனாமல் தட்டுகள் அதன் எளிய வடிவம். ஜாக்குவார் கார்களின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுகள் கறுப்பு எனாமலோடு பளபளத்தன. துருவும் பிடிக்காது, பார்வைக்கும் அழகு. ஆனால் சூடேறி ஆறும்போது உலோகமும் எனாமலும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. நாளடைவில் சில்லு சில்லாக உதிரும்.

இரண்டாம் உலகப் போரின்போது குரோமியமும் நிக்கலும் அமெரிக்காவில் தட்டுப்பாடாயின. சூடு தாங்கும் உயர்தர எஃகுக்கு இவ்விரண்டும் தேவை. போர் ஊர்திகளின் வெளியேற்றுக் குழாய்களைச் சாதாரண எஃகில் செய்துவிட்டு, அதைப் பீங்கான் பூச்சால் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியை வாஷிங்டனில் இருந்த தேசியத் தர நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஹாரிசன், மூர், ரிச்மண்ட் ஆகியோர் அங்கு செய்த ஆய்வுகள் 1947இல் வெளிவந்தன. அவர்களின் ஏ-417 என்ற பூச்சு, பேரியம் கலந்த கண்ணாடித் தூளையும் குரோமியம் ஆக்சைடையும் கொண்டது. ஜெட் எந்திரங்களின் எரியறைகளுக்கும் அது பொருந்தியது.

ஆக, பூச்சின் முதல் நோக்கம் பக்கத்தில் இருப்பவற்றைச் சூட்டிலிருந்து காப்பது அன்று, குழாயையே காப்பதுதான். சுற்றுக்கும் பூச்சுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடாக நான் கருதுவது இதையே.

அதன்பின் வளர்ச்சி விண்வெளிப் பக்கம் சென்றது. எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் எரியறைக்குள் சிர்க்கோனியாப் பூச்சு தெளிக்கப்பட்டது. 1976இல் நாசாவின் கிளீவ்லாந்து ஆய்வகம் இட்ரியா கலந்த சிர்க்கோனியாவை ஜெட் எந்திரச் சுழலித் தகடுகளில் பூசி ஓட்டிக் காட்டியது. பிரிட்டனில் ஹார்வெல் அணு ஆய்வு நிலையத்தில் உருவான தெளிப்பு முறை பின்னர் பந்தயக் கார்களுக்கு வந்தது. 2011இல் ஃபார்முலா 1 அணிகள் புகையைக் காரின் அடித்தளத்துக்கே திருப்பிவிட்டபோது, கார்பன் இழைத் தளம் கருகாமல் இருக்க இத்தகைய பூச்சுகள் உதவின.

எது எதைக் காக்கிறது

கடையில் கிடைக்கும் ஹெடர் பூச்சுகளில் பல, அலுமினியத் துகளும் பீங்கானும் கலந்த மெல்லிய வெள்ளி நிறப் படலங்கள். தாளைவிட மெல்லிய இந்தப் படலம் கம்பளிபோல வெப்பத்தைத் தடுக்க முடியாது. அது செய்வது வேறு: துருவேறிக் கறுத்த எஃகு வெப்பத்தைத் தாராளமாக வீசும், வெள்ளிப் பரப்போ கஞ்சத்தனமாக வீசும். மெக்லாரன் எஃப்-1 காரின் எந்திர அறைச் சுவரில் ஏறத்தாழ 16 கிராம் தங்கத் தகடு ஒட்டியதும் இதே கொள்கைதான். இரண்டு பவுன் தங்கம், வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதற்காக.

எனவே வெளிப்புறச் சூட்டை மட்டும் அளந்தால் நல்ல முறையில் சுற்றிய நாடாவே பெரும்பாலும் வெல்லும். ஆனால் அந்தச் சூடு எங்கே போயிற்று? குழாயிலேயே தங்கிவிட்டது. நீராவிக் குழாய்க்கு 180 டிகிரி என்ற வரம்பு இருந்தது. இங்கே உள்ளிருப்பது 800 டிகிரிக்கு மேற்பட்ட வளிமம். சாதாரண எஃகு ஏறத்தாழ 540 டிகிரிக்கு மேல் காற்றில் விரைவாகச் செதில் செதிலாக உரியத் தொடங்கும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்புள்ள குழாய்க்கு அது நீண்ட ஆயுள் தராது. போதாததற்கு நாடா மழைநீரை உறிஞ்சிக் குழாயோடு ஒட்டவைத்திருக்கும். எண்ணெய் ஒழுகி ஊறினால் தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. சுற்றிய ஹெடருக்கு உத்தரவாதம் இல்லை என்று தயாரிப்பாளர்கள் பலர் எழுதியே கொடுத்துவிடுவதன் காரணம் இதுதான்.

சில பந்தயங்களோடு தூக்கிப் போடும் குழாய்க்கு நாடா சரியே. தினமும் மழையிலும் வெயிலிலும் ஓடும் காருக்குப் பூச்சுதான் என் தேர்வு, விலை கூடினாலும். பூசியதன் மேல் சுற்றுவோரும் உண்டு. அப்போது பூச்சு தாங்கும் வெப்பநிலைக்குள் குழாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வினையூக்கி வந்த பிறகு

அமெரிக்காவில் 1975 முதலும், இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களிலும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி வந்தது. அது 250 முதல் 300 டிகிரி வரை சூடானால்தான் வேலை செய்யும். ஆகவே கார் நிறுவனங்களும் புகையின் சூட்டை வழியில் இழக்காமல் இருக்க முயன்றன. இரட்டைச் சுவர் கொண்ட குழாய் செய்து, நடுவே காற்று இடைவெளி விட்டார்கள். இது நாடாவின் வேலையை நாடா இல்லாமல் செய்வது.

அண்மைக்கால எந்திரங்கள் பலவற்றில் மேனிஃபோல்டே தனியாக இல்லை. சிலிண்டர் தலையோடு சேர்த்து வார்க்கப்பட்டு, சுற்றிலும் குளிர்நீர் ஓடுகிறது. ஃபோர்டின் ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் எந்திரம் அப்படிப்பட்டது. சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட் காரில் 2013 முதல் அது கிடைத்தது. 1932இல் அதே நிறுவனத்தின் வி-8 எந்திரத்தைக் கொதிக்கவைத்த ஏற்பாடுதான் இது: புகையின் சூட்டைக் குளிர்நீர் சுமப்பது. இம்முறை அது வேண்டுமென்றே செய்யப்பட்டது. எந்திரம் விரைவில் சூடேறுகிறது, மிகைச் சூட்டை நீர் கொண்டுபோகிறது. சுற்றவோ பூசவோ அதில் ஹெடர் என்று ஒன்று கிடையாது.