அட்டையில் இருந்த போர்க்களம்

தொண்ணூறுகளில் தெலுக் பங்லிமா காராங்கில் வளர்ந்த எங்களுக்கு வீடியோ கேம் என்றால் 'மைக்ரோ ஜீனியஸ்' தான். பசார் மாலாமில் வாங்கிய கேசட்டின் மேல் வாளேந்திய வீரன் நிற்பான். உள்ளே இருப்பதோ வேறு விளையாட்டு! ஆயினும் அப்படங்களை நான் வெறுத்ததில்லை.

அட்டைப்படத்திற்கும் திரைக்கும் இடையிலான இத்தொலைவு பழையது. 1977-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட வி.சி.எஸ். கருவியின் நினைவகம் வெறும் 128 பைட். 'காம்பாட்' விளையாட்டின் பீரங்கி வண்டி திரையில் 8 புள்ளி அகலமே. அதன் அட்டைக்குக் கிளிஃப் ஸ்போன் என்னும் ஓவியர் பீரங்கி வண்டியையும் போர் விமானங்களையும் ஒளியும் நிழலுமாகத் தீட்டினார். இதனைப் பொய் விளம்பரம் என்பாரும் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அட்டையை ஒருமுறை பார்த்த சிறுவனுக்கு அந்த 8 புள்ளிகளும் பீரங்கியாகவே தெரிந்தன. கருவி விட்ட குறையைத் தூரிகை நிறைத்தது.

எல்லா அட்டைகளும் அவ்வாறு அமைந்துவிடவில்லை. 'மெகா மேன்' (1987) நாயகன், கையே பீரங்கியாக மாறும் இயந்திரச் சிறுவன். அமெரிக்க அட்டையிலோ, கைத்துப்பாக்கி ஏந்திய நடுவயது மனிதர் விழித்து நிற்கிறார்! 2012-இல் கேப்காம் நிறுவனமே அவரை 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்' விளையாட்டில் ஒரு பாத்திரமாக்கிச் சிரித்துக்கொண்டது.

ஸ்போனின் பெயரேனும் நிலைத்தது. அண்மையில் காட்சிக்கலைப் பாடவேளையில் என் பழைய கேசட்டை மாணவர்களிடம் காட்டினேன்.

"இத யாரு வரஞ்சது, சார்?" என்றாள் ஒருத்தி.

திருப்பிப் பார்த்தேன். விலைச்சீட்டு ஒட்டிய தடம் மட்டுமே இருந்தது.