பக்கவாட்டு இழுபிடி

பக்கவாட்டு இழுபிடி: துப்பாக்கியின் முதல் தோட்டாவை அறைக்குள் ஏற்றவும், சிக்கிய தோட்டாவை வெளியேற்றவும் போல்ட்டைப் பின்னுக்கு இழுக்கும் பிடி, உடலின் பக்கத்தில் அமைந்த வகை. அமெரிக்க ஏஆர்-15 துப்பாக்கியில் போல்ட்டை இழுக்கும் பிடி உடலின் பின்முனையில், 'டி' வடிவில் இருக்கும். இழுக்கும்போது கன்னத்தைப் பின்கட்டையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். மேலே தொலைநோக்கி பொருத்தினால் விரல் நுழைய இடம் குறையும். அதனால்தான் பக்கப்பிடி கொண்ட மேலுடலை (உடலின் மேற்பாதியை) அங்கே சிலர் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள்.

இந்தியச் சிப்பாய்க்கு இது புதிதல்ல. பழைய 7.62 மி.மீ. எஸ்எல்ஆர், 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கிகளிலும் பிடி இடப்பக்கம்தான். வலக்கை விசைப்பிடியை விடாமலே இடக்கையால் இழுக்கலாம். 1966இல் தொடங்கிய திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலையின் 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' ஏகே வழி வந்தது. அதில் பிடி வலப்பக்கம், போல்ட்டோடு இணைந்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும் முன்னும் பின்னுமாகப் பாயும். விரல் பத்திரம்!

பக்கப்பிடித் துப்பாக்கியை மதிப்பிடுகையில் முதலில் பார்க்க வேண்டியது, சுடும்போது பிடி அசைகிறதா என்பதையே. அடுத்து, பிடி ஓடும் பிளவு. கட்டுமானப் புழுதி போன்ற நுண்மணல் அதன் வழியே உள்ளே போய் எண்ணெயோடு சேர்ந்து பசையாகும்.

அமெரிக்காவைப் போல இந்தியாவில் ஒருவர் உரிமமின்றிப் பாகங்களை வாங்கி வீட்டிலேயே கோத்துப் பார்க்க முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்யவும், மாற்றியமைக்கவும், பழுது பார்க்கவும்கூட உரிமம் வேண்டும்.