பெட்டி சேர்க்கும் எஞ்சின்

எங்கள் காட்டுப்பாக்கத்தின் வழியே ரயில் பாதை கிடையாது. வண்டி ஏற வேண்டுமானால் ஆவடிக்கோ சென்டிரலுக்கோதான் போயாக வேண்டும். சென்டிரலில், பேசின் பிரிட்ஜ் யார்டிலிருந்து வெற்றுப் பெட்டிகளைக் கொணர்ந்து பிளாட்பாரத்தில் சேர்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் விலகிப் போகும் ஷண்டிங் எஞ்சினைப் பிரயாணிகள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தொலைதூரம் ஓடும் எஞ்சின்களுக்குள்ள கீர்த்தி அதற்கு என்றுமே வாய்த்ததில்லை. ஆயினும் நம் தேசத்து எஞ்சினியர்கள் தங்கள் சொந்த புத்தியைத் துணிந்து பரீட்சித்துப் பார்த்தது அதனிடத்தில்தான்.

நீராவி எஞ்சின் யார்டில் பாதிப் பொழுது சும்மா நின்றாலும் அதன் அடுப்பு அணையாதிருக்க வேண்டும். டீசலுக்கு அந்த உபத்திரவம் இல்லை. அகலப் பாதைக்கு ‘டபிள்யூ’, டீசலுக்கு ‘டி’, ஷண்டிங்குக்கு ‘எஸ்’ என்று பெயரிடப்பட்ட வரிசையில் முதலாவது, யுத்தகாலமாகிய 1944-45இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியிலிருந்து வந்த 386 குதிரைச் சக்தி எஞ்சின்; வந்தவை பதினைந்தே. பின்னர் ஜெர்மனியிலிருந்து கிராஸ்-மாஃபை எஞ்சின்களும், 1961இல் கீல் நகரத்து மாக் கம்பெனியின் எஞ்சின்களும் வந்தன.

டீசல் எஞ்சினுக்கு ஒரு சங்கடம் உண்டு: நின்ற நிலையிலிருந்து அதன் விசையை நேரே சக்கரத்துக்குக் கொடுத்தால் அது திணறி அணைந்துபோகும். எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தி மெல்லக் கிளப்பி, வேகம் பிடித்தபின் இயந்திரத் தொடர்பால் நேராக ஓட்டும் ஓர் ஏற்பாட்டை மன்மோகன் சூரி என்ற இந்திய எஞ்சினியர் கண்டுபிடித்தார்; அதற்காக 1962இல் பட்நாகர் பரிசும் பெற்றார். சித்தரஞ்சன் ரயில் எஞ்சின் தொழிற்சாலை, மாக் வரைபடத்தைத் தழுவி, சூரியின் அந்த ஏற்பாட்டைப் பொருத்தி, 1968 முதல் ‘டபிள்யூ.டி.எஸ்.4’ எஞ்சின்களைச் செய்யலாயிற்று. அதன் சக்கரங்களைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்: டீசலாயிருந்தும், மூன்று ஜோடிச் சக்கரங்களையும் பிணைத்த இரும்புத் தண்டு, நீராவி எஞ்சினுடையதைப் போலவே, மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருக்கும். பாயிண்ட்ஸ்மேன் இரு பெட்டிகளுக்கிடையே குனிந்து காப்ளிங் மாட்டி, வெளியே வந்து பச்சைக் கொடி அசைத்தவுடன், அந்தத் தண்டு ஒரு முனகலோடு அசையத் தொடங்கும்.

சூரியின் ஏற்பாடு நல்லதாயிருந்தும், நம் ரயில்வேயில், விசையை மின்சாரமாக்கிச் சக்கரத்துக்குக் கடத்தும் மின்சார டிரான்ஸ்மிஷனே நிலைபெற்றது. வாராணசியில் 1964 முதல் மெயின் லைனுக்காக அவ்வகை டிரான்ஸ்மிஷன் கொண்ட ஆல்கோ எஞ்சின்கள் செய்துவந்தபடியால், அதே குடும்பத்தின் ஆறு சிலிண்டர் யந்திரத்தைப் பூட்டி 1975இல் ‘டபிள்யூ.டி.எஸ்.6’ பிறந்தது. டபிள்யூ.டி.எஸ்.4 எஞ்சின் 60 டன், 700 குதிரைச் சக்தி. இது 126 டன், 1400 குதிரைச் சக்தி. உதிரி பாகமும், பழகிய மெக்கானிக்கும் எந்த ஷெட்டிலும் கிடைத்த சௌகரியத்துக்கு முன், சுதேசிக் கற்பனைக்கு மதிப்பில்லாமல் போயிற்று. இது நியாயந்தான் என்றாலும், எனக்குச் சற்று வருத்தமே.

பல ரகங்களில் 842 டீசல் எஞ்சின்கள் செய்தபின், 1993-94இல் சித்தரஞ்சன் அவ்வேலையை நிறுத்திக்கொண்டது. இப்போதோ ஷண்டிங் எஞ்சினின் தயவே தேவைப்படாத வண்டியும் வந்துவிட்டது: 2018இல் நம் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். தயாரித்த புதிய வண்டிக்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. அதற்கு எஞ்சின் மாற்றிப் பூட்ட வேண்டியதே இல்லை.