உசிலம்பட்டித் தொடக்கப்பள்ளி: சேர்க்கை எண்ணிக்கையும் சாதியின் பிடியும்

தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரத்தை அடுத்த சிற்றூர் உசிலம்பட்டி. மதுரை மாவட்டத்தில் இதே பெயர் கொண்ட நகரம் வேறு. இவ்வூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 2023ஆம் ஆண்டு பயின்றோர் பத்துச் சொச்சம் பிள்ளைகளே. அவ்வாண்டு செப்டம்பரில் இப்பள்ளி மாநிலத்தின் கவனத்தை ஈர்த்தது.

நிகழ்வு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. உசிலம்பட்டியில் சமைத்தவர் ஒரு தலித் பெண். அவர் சமைத்த உணவைப் பிள்ளைகள் உண்ணவில்லை. பெற்றோரின் சாதி எதிர்ப்பே காரணம் எனச் செய்தி வெளியானது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் பள்ளிக்குச் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர். 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததும் இதே எட்டயபுரம் வட்டாரத்தில்தான்.

எண்ணிக்கை ஏன் ஆயுதமாகிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை அவ்விருவரே நடத்த வேண்டும். ஒருவர் விடுப்பெடுத்தால் ஐந்தும் மற்றவர் பொறுப்பாகிவிடும். வசதியுள்ளோர் தனியார் பள்ளி வேனை நாடுகின்றனர். சேர்க்கை மேலும் குறைகிறது. இந்நிலையில் நான்கு குடும்பங்கள் மாற்றுச் சான்றிதழ் கேட்டாலே பள்ளியின் இருப்பு கேள்விக்குள்ளாகும். ஆதிக்கச் சாதியினர் அதிகாரிகளைப் பணியவைக்க இவ்வச்சமே போதுமானது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் எதிர்ப்புக்குப் பணிந்து தலித் சமையலர் முதலில் இடமாற்றம் செய்யப்பட்டார். கண்டனம் எழுந்த பின்னரே அவ்வாணை நீக்கப்பட்டது.

சட்டம் சொல்வது

சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என 2004 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எனவே அப்பெண்ணின் பணி எவருடைய சலுகையும் அன்று. அரசமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துள்ளது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சமூகப் புறக்கணிப்பைத் திணிப்பதையும், திணிப்பதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியுள்ளது. கடமை தவறும் அரசு ஊழியருக்கும் அதில் தண்டனை உண்டு.

செய்ய வேண்டியவை

தலைவர்கள் உடனமர்ந்து உண்பது ஒருநாள் நிகழ்வு. மறுநாளும் அடுப்பை மூட்டவேண்டியவர் அப்பெண்ணே. அவருக்குப் பணிப் பாதுகாப்பு வேண்டும். புறக்கணிப்பை முன்னின்று நடத்தும் பெரியவர்கள்மீது வழக்கு வேண்டும். பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்கக் கூடாது. பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கும் முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். எண்ணிக்கை குறைவைக் காட்டிப் பள்ளியை மூடினால் தண்டனை பெறுவோர் தனியார் கட்டணம் செலுத்த இயலாதோரே. அவர்களுள் தலித் கூலித் தொழிலாளரின் பிள்ளைகளும் அடங்குவர். கல்வித்தரம் குறித்த ஆய்வுகள் மதிப்பெண்ணோடு நில்லாது, பள்ளியில் யார் சமைக்கிறார், யார் உண்ண மறுக்கிறார் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும்.