வண்டிக்குள் புகுந்த வானொலி

1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டோரோலா’ என்னும் கார் வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்த காலந்தொட்டே, இனிய நாதத்திற்குப் பரம விரோதியாய் நின்றது வண்டியின் இயந்திரமே ஆகும். தாம்பரத்தை அடுத்த வண்டலூர்த் தொழிற்சாலையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளில் வானொலி பொருத்தியவர்களுக்கு, ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கும் ஒவ்வொரு பொறியும் மத்திய அலையில் கரகரவென்று பிரவேசித்துச் சங்கீதத்தைச் சிதைக்கக்கூடுமாதலால், கண்டென்சரையும் ரெசிஸ்டரையும் இணைத்து அதனை அடக்குவது தனியொரு வித்தையாகவே விளங்கிற்று. 1977இல் நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையிலேயே தொடங்கியது நமது பாக்கியம். அவ்வலை அந்தக் கரகரப்புக்கு எளிதில் இடங்கொடாது. இன்று ஜி.எஸ்.டி. சாலையில் விரையும் கார்களின் முகப்பில் டேப்லெட் அமர்ந்துவிட்டது. ஆயினும் ஆக்ஸிலேட்டரை மிதிக்குந்தோறும் ஆல்டர்னேட்டரின் ரீங்காரம் ஸ்பீக்கரில் ஏறுமாயின், டேப்லெட்டுக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் உரிய எர்த் கம்பிகளை, பெயிண்ட் சுரண்டிய தகட்டில் ஒரே இடத்தில் இறுக முடுக்குவதே முதற்கண் செய்யத்தக்க பரிகாரம்.