வாங்கில் இருப்பவர்களும் செலவுக் கணக்கும்

எமது சங்கம் கூடைப்பந்தாட்ட அணிக்கு உதவும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவதுண்டு: களத்தில் ஆடுவது ஐவர், வாங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சப்பாத்து ஏன்?

ஆட்டத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இவ்விளையாட்டைத் தொடக்கினார். ஆரம்ப காலத்தில், வெளியேறியவர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது. 1920இல் ஒரு தடவை திரும்பலாம் என்றாயிற்று. 1944இல் அங்கு அந்த வரம்பும் நீங்கியது. 1950களில் பொஸ்ரன் செல்ரிக்ஸ் பயிற்றுநர் ரெட் அவர்பாக், முதல் ஐவரில் இடம்பெறக்கூடிய ஃபிராங்க் ராம்சியை வேண்டுமென்றே ஆறாமவராக வைத்திருந்து இறக்கினார்.

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டம் 48 நிமிடம். ஐந்து இடங்களுக்கும் சேர்த்து 240. 2013–14இல் சம்பியனான சன் அன்ரோனியோ ஸ்பேர்ஸ் அணியில் எவரும் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. ஐவரும் சேர்ந்தால் 150ஐத் தொடாது. மிகுதி 90க்கு மேல் மற்றையோர் ஆடியவை. ஆகவே செலவை, யார் முதலில் இறங்கினார் என்று பாராமல், ஆடிய நிமிடங்களோடு வைத்துப் பார்ப்பதே நியாயம். நிமிடக் கணக்கில் வராத உழைப்பும் உண்டு. வாங்கில் இருப்பவர்கள் வராவிட்டால், அந்த ஐவரும் மாலைப் பயிற்சியில் யாரை எதிர்த்து ஆடுவது?

அடுத்த முறை சப்பாத்துப் பட்டியலில் 12 பெயர்களும் இருக்கட்டும் என்பது எமது வேண்டுகோள்.